கம்பி கட்டிய செருப்பு

ரயிலடிப் பள்ளியின் பழைய கட்டடத்தை இடித்த அன்று ஊரே வந்து அழுதது. தலைமை ஆசிரியை கொனாடு மட்டும் அழவில்லை. வெள்ளைக்காரன் காலத்துச் சுவர், மரத்தரை, மணிக்கூண்டு என்று உருகிக்கொண்டு பழைய மாணவர்கள் ஆளுக்கொரு செங்கல்லை ஞாபகத்துக்கு எடுத்துப் போனார்கள். கூரை ஒழுகியபோது இவர்களில் ஒருத்தராவது ஒரு தகரம் வாங்கிக் கொடுத்ததுண்டா? மூன்றாம் வகுப்பின் பின்சுவர் நிறைமாதக்காரி வயிறு மாதிரி வெளியே தள்ளிக்கொண்டு நின்றது கொனாடுவுக்குத்தான் தெரியும். மழை வந்தால் பிள்ளைகளை அந்தச் சுவரைவிட்டுத் தள்ளி உட்காரவைத்துவிட்டு, மழை விடும்வரை வாசலிலேயே நிற்பாள். இரவில் தகரக் கூரையில் மழை விழும் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

கல்வி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். அங்கே இருந்த அதிகாரி பள்ளியை ஒரு முறை வந்து பார்த்தார். இரண்டு பிள்ளைகள் துடைத்துச் சிவப்பு மெழுகு போட்டிருந்த தரையில் அவருடைய முகம் அவருக்கே தெரிந்தது.

"என்ன மேடம் குறைச்சல் உங்க பள்ளிக்கு? என் வீட்டை விட பளபளன்னு இருக்கு. வடக்க போய்ப் பாருங்க, மரத்தடியில உக்காந்து படிக்குதுங்க" என்றார்.

கடல் தாண்டி ஓர் அறக்கட்டளை பள்ளிக்கூடங்கள் கட்டித் தருகிறது என்று கேள்விப்பட்டு அதற்கும் எழுதிப் படம் அனுப்பினாள். படத்தில் பிள்ளைகள் இஸ்திரி போட்ட சட்டையும் ஒட்ட வெட்டிய தலையுமாக, காலில் செருப்போடு வரிசையாக நின்று பல்லைக் காட்டினார்கள். குமாசி நகரத்தில் எந்தத் தாய் பிள்ளையைக் கசங்கலாகப் படத்துக்கு அனுப்புவாள்? உங்களைவிடத் தேவை அதிகமுள்ளவர்கள் இருக்கிறார்கள் என்று பதில் வந்தது. அதைப் படித்துவிட்டு கொனாடு புடைத்த சுவரைப் போய்ப் பார்த்தாள். தேவை என்பது சுவரில் இருந்தால் போதாது, முகத்தில் தெரிய வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்துகொண்டாள்.

அதன் பிறகு அவள் செய்ததுதான் இந்தக் கதை.

ஆதும் கடைவீதியிலிருந்து ஒரு போட்டோக்காரரை வரவழைத்தாள். மூன்றாம் வகுப்பில் போக்குவா என்று ஒரு பெண். பெரிய கண்கள், சும்மா இருந்தாலும் ஏதோ இழந்தவள் மாதிரி இருக்கும் முகம். அவளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தினார்கள். போட்டோக்காரர் கருவிக்குள் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மேடம், மூஞ்சி சரி. கால்தான் பேங்க் மேனேஜர் மக கால் மாதிரி இருக்கு."

இருக்காதா பின்னே? போக்குவாவின் அம்மா பெரிய சந்தையில் செருப்புக் கடை வைத்திருப்பவள். பாதி ஊரின் பள்ளிச் செருப்பு அவள் கடையிலிருந்து போனது. மகள் காலில் பழுப்புத் தோல் செருப்பு, முழங்கால்வரை வெள்ளைக் காலுறை.

பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில் இரண்டாம் வகுப்புக் குட்டி ஒன்று அறுந்த ரப்பர் செருப்பைக் கம்பி போட்டுக் கட்டி மாட்டியிருந்தது. போட்டோக்காரர் முதலில் அந்தப் பிள்ளையைத்தான் நிறுத்திப் பார்த்தார். அதுவோ கருவியைக் கண்டதும் சிரிக்க ஆரம்பித்தது. அதட்டினால் இன்னும் சிரித்தது. "இது தேறாது மேடம். இதைப் படம் எடுத்தா கல்யாணப் படம் மாதிரி வரும்" என்று தள்ளிவிட்டார். ஆகையால் அதன் செருப்பு மட்டும் போக்குவாவின் காலுக்கு வந்தது. போக்குவாவின் செருப்பும் காலுறையும் கொனாடுவின் மேஜைக்கு அடியில் போயின. கொனாடுவே குனிந்து செம்மண்ணை அள்ளி அவள் கணுக்காலில் தடவினாள்.

"அம்மா கேட்டா என்ன சொல்ல மேடம்?" என்று போக்குவா கேட்டாள்.

"எதுக்குச் சொல்லணும்? நம்ம பள்ளிக்கூடத்துக்காக ஒரு நாடகம். நீயும் நானும் மட்டும். சரியா?"

போக்குவா தலையாட்டினாள். தலைமை ஆசிரியையோடு தனக்கு ஒரு ரகசியம் இருக்கிறதென்று அந்தப் பிள்ளைக்குப் பெருமை பிடிபடவில்லை.

படம் கடல் தாண்டிப் போனது. அந்த வருஷமே பதில் வந்தது. பழைய கட்டடம் விழுந்தது. தேவாலயக் கூடத்தில் நெருக்கியடித்துப் பாடம் நடந்தது. மறு வருஷம் மூன்று மாடிக் கட்டடம், கண்ணாடி ஜன்னல், பளிங்குத் தரை எல்லாம் எழும்பின. படம் போன இடத்திலேயே இருக்கும் என்று கொனாடு நம்பினாள். அவ்வளவு தூரம் போனது திரும்பி வரும் என்று யார் நினைப்பார்கள்?

திறப்பு விழா சனிக்கிழமை. குமாசியில் சனிக்கிழமை என்றால் சாவுச் சடங்கு நாள். பாதி ஊர் சிவப்பும் கறுப்பும் உடுத்திக்கொண்டு ஏதாவதொரு சாவுப் பந்தலுக்குப் போய்க்கொண்டிருக்கும். சுவரெல்லாம் சிவப்பும் கறுப்புமாகச் சாவு அறிவிப்புகள், அவற்றில் செத்தவர்களின் முகங்கள். வேறு நாள் வைக்கலாமே என்று கொனாடு சொல்லிப் பார்த்தாள். அறக்கட்டளை அம்மையாருக்கு விமானம் ஞாயிறன்று என்பதால் சனிக்கிழமைதான் என்றார்கள். முந்தின நாள் சாயங்காலம் கொனாடு பகுதித் தலைவரின் வீட்டுக்கு அழைக்கப் போயிருந்த நேரத்தில், ஒப்பந்தக்காரரின் ஆட்கள் ஒரு பெரிய துணிப் பதாகையை மாடியிலிருந்து கீழ்வரை தொங்கவிட்டார்கள். அறக்கட்டளையே வடிவம் போட்டு அனுப்பியது. கறுப்பு வெள்ளையில் போக்குவா, தலையிலிருந்து கால்வரை. கீழே பெயர், வயது. சுற்றிலும் அறக்கட்டளையின் நிறமான சிவப்பும் கறுப்பும் கரை கட்டியிருந்தது.

கொனாடு காலையில் வந்துதான் அதைப் பார்த்தாள். எந்த ஊரிலோ உட்கார்ந்து நிறம் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அது அழகு. குமாசிக்காரன் கண்ணுக்கு அது ஒரே ஒரு செய்திதான்: இந்தப் பெண் செத்துப்போனாள். கொனாடுவுக்கு அதுகூட இரண்டாவதாகத்தான் தோன்றியது. முதலில் அவள் கண் போனது காலுக்கு. கம்பி முறுக்கு ஒரு முழம் நீளத்துக்குத் தெரிந்தது.

"அவிழ்த்துடுங்க" என்றாள்.

"மேடம், வெள்ளைக்காரம்மா வண்டி உள்ள வந்தாச்சு" என்றார் ஒப்பந்தக்காரர்.

விழா தொடங்கியது. குடை நிழலில் தலைவர் உட்கார்ந்தார். எல்லோரும் அவரை நானா என்பார்கள். நானா சபையில் யாரோடும் நேராகப் பேசமாட்டார். அவரிடமும் யாரும் நேராகப் பேசக் கூடாது. பக்கத்தில் பொன்முலாம் பூசிய கோலோடு அவருடைய ஒச்சியாமே நின்றார். போகிற பேச்சும் வருகிற பேச்சும் அவர் வாய் வழியாகத்தான். கரடுமுரடாக வருகிற சொல்லைச் சீவிச் சிங்காரித்து அனுப்புவது அவர் தொழில். போக்குவா மொடமொடப்பான சீருடையில், கையில் பூங்கொத்தோடு முன்வரிசையில் இருந்தாள்.

கல்வி அதிகாரி பேசிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஓலம் எழுந்தது. சிவப்பும் கறுப்புமாக ஒரு கூட்டம் உள்ளே வந்தது. பெண்கள் தலையில் கை வைத்துக் கதறிக்கொண்டு வந்தார்கள். முன்னால் கறுப்புத் துணியைத் தோளில் சுற்றிய பெரிய மனிதர் ஒருவர். ஒபுவாசியிலிருந்து வந்த அசுபோன்டெங், போக்குவாவின் தாய்மாமன். நேற்று மாலை ஒரு லாரிக்காரன் பதாகையைப் பார்த்துவிட்டு ஊரில் போய்ச் சொல்லியிருக்கிறான். தங்கச்சியைக் கூப்பிட்டால் போன் எடுக்கவில்லை. அவ்வளவுதான், குடும்பத்தையே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

அறக்கட்டளை அம்மையார் இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்து எழுந்து நின்று கைதட்டினாள்.

"கை வேற தட்டுறியா?" என்று ஓர் அத்தை அவள் மேல் பாயப் போனாள். போன வேகத்தில் முன்வரிசையைப் பார்த்தாள். பூங்கொத்துக்குப் பின்னால் செத்தவள் உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, நீங்களும் விழாவுக்கு வந்தீங்களா?" என்றாள் செத்தவள்.

அத்தை அங்கேயே பொத்தென்று உட்கார்ந்தாள். பிறகு கிளம்பிய சிரிப்பில் கூடாரமே ஆடியது. நானா குடைக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அசுபோன்டெங்குக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அழுது வந்த மனிதர் அத்தனை பேர் முன்னால் அசடாகி நிற்கிறார். நிமிர்ந்து பதாகையை மறுபடி பார்த்தார். இந்தத் தடவை கீழிருந்து மேலாகப் பார்த்தார்.

அதே நேரம் போக்குவாவின் அம்மா ஓட்டமும் நடையுமாக உள்ளே வந்தாள். வழியெல்லாம் சந்தைக்காரிகள் அவளைக் கட்டிப் பிடித்துத் துக்கம் விசாரித்திருந்தார்கள். மகள் உயிரோடு இருப்பதைக் கண்டு அவள் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் அண்ணன் பிடித்துக்கொண்டார்.

"ஊருக்கெல்லாம் செருப்பு விக்கிற. என் மருமக கால்ல இதா? கம்பி! ஆட்டுக்குட்டிக்குக்கூட இப்படிக் கட்டமாட்டான்!"

"அண்ணே, சத்தியமா இது எனக்குத் தெரியாது—"

"உன் வீட்டுப் புள்ள கால் உனக்குத் தெரியாதா? புள்ளையைப் பாக்கத் துப்பில்லைன்னா சொல்லு. நம்ம குடும்பத்துப் புள்ள, நான் கூட்டிட்டுப் போறேன். இன்னைக்கே ஒபுவாசிக்கு வரட்டும்."

பின்னாலிருந்து எவளோ ஒருத்தி, "செருப்புக்காரி மகளுக்குச் செருப்புப் பஞ்சம்" என்று சொல்லிச் சிரித்தாள். அங்கே பிள்ளை தாய்வழிக் குடும்பத்துக்குத்தான் சொந்தம்; தாய்மாமன் கூட்டிப் போகிறேன் என்றால் அது வெறும் பேச்சில்லை. மறுப்பதற்கு அந்தத் தாய்க்கு ஒரு நல்ல பெயரைத் தவிர வேறு பிடிமானம் கிடையாது. அந்தப் பெயர்தான் மூன்று மாடி உயரத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

அசுபோன்டெங் குனிந்து போக்குவாவின் முகத்தைப் பிடித்தார். "நீ சொல்லு. யார் மாட்டிவிட்டது இதை?"

போக்குவா நேரே கொனாடுவைப் பார்த்தாள். நாடகம் இன்னும் முடியவில்லை என்று அந்தப் பெரிய கண்கள் நினைத்துக்கொண்டிருந்தன.

"நான்தான் மாமா. சும்மா விளையாட்டுக்கு. என் செருப்பை ஒளிச்சு வச்சிட்டு அதைப் போட்டுக்கிட்டேன்."

தாய் அவளை அறையக் கையை ஓங்கினாள்.

கொனாடுவுக்கு அந்த நொடியில் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. பேசாமல் இருந்தால் எல்லாம் அடங்கிவிடும். அறையோடு போய்விடும். கட்டடம் அவளுடையது, பெயர் அவளுடையது, அம்மையார் கழுத்தில் போட மாலைகூடத் தயார். ஒரு பிள்ளைக்கு ஓர் அறை, ஒரு தாய்க்கு ஒரு மகள், அதுதான் விலை. இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பது அவளுக்கே தெரிந்தது. எழுந்து நானாவின் முன்னால் போனாள். தலைவரிடம் முறையிடுகிறவர் காலில் செருப்போடு நிற்கக் கூடாது. விழாவுக்கென்று வாங்கிய செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு புதுச் சிமெண்டில் நின்றாள். வெயிலில் காய்ந்த தரை பொசுக்கியது.

"நானாகிட்ட சொல்லுங்க. அந்தச் செருப்பை மாட்டிவிட்டது நான். அவ நல்ல செருப்பைக் கழட்டி என் மேஜைக்கடியில வச்சேன். காலுல மண்ணைப் பூசினது இந்தக் கை. அவ அம்மாகிட்ட சொல்லாதேன்னு சொன்னதும் நான்தான். அம்மா மேல ஒரு தப்பும் இல்ல. அந்தப் புள்ளையை ஏழையாக் காட்டி நான் இந்தக் கட்டடத்தை வாங்கினேன்."

முன்வரிசைக்கு மட்டும் அது கேட்டது. பின்வரிசைக்குக் கேட்கவில்லை. ஒச்சியாமே தொண்டையைச் செருமினார், கோலை ஒரு முறை உயர்த்தினார். பாவம், அவரும் தன் வேலையைத்தான் செய்தார்.

"நானா, காது கொடுங்க! சபையே, காது கொடுங்க! இந்தப் பள்ளியோட தாய் என்ன சொல்றாங்கன்னா, கூரை ஒழுகுற வீட்டில புள்ளைங்க நனையறதைப் பாத்து அவங்க நெஞ்சு நனைஞ்சு போச்சாம். ஒரு நல்ல தாய் வளத்த நல்ல பொண்ணைக் கூப்பிட்டு, 'வாம்மா, எல்லாப் புள்ளைங்களோட கஷ்டத்தையும் ஒரு நாள் நீ உன் கால்ல போட்டுக்க'ன்னு கேட்டாங்களாம். அந்தப் பொண்ணும் போட்டுக்கிட்டாளாம். அந்தக் கால் நடந்து போய்க் கொண்டாந்ததுதான் இந்த மூணு மாடி! அந்தத் தாய்க்கும், மாமனுக்கும், வம்சத்துக்கும் ஆசிரியை நன்றி சொல்றாங்க!"

கூடாரம் அதிர்ந்தது. ஆட்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அசுபோன்டெங்கின் முகம் மலர்ந்தது. வம்சத்தைப் புகழ்ந்த பிறகு யாருக்குக் கோபம் நிற்கும்? மருமகளைத் தோளில் தூக்கிக்கொண்டார். சாவுக்கு வந்த அத்தைகள் ஆடத் தொடங்கினார்கள். அதிகாரி அம்மையாரின் காதில் ஏதோ சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து கொனாடுவை இறுகக் கட்டிக்கொண்டாள். கொனாடு "இல்ல, இல்ல" என்று முனகினாள். அடக்கம் என்று அதற்கும் கைதட்டினார்கள். தாய் தப்பித்தாள், பிள்ளை தப்பித்தாள். தான் கொண்டுவந்து வைத்த குற்றத்தைப் பொன்முலாம் பூசித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதை எங்கே கொண்டு வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

முன்வரிசைக்குப் பக்கத்தில் நின்ற போக்குவாவின் அம்மா மட்டும் கைதட்டவில்லை. அவள் கொனாடுவின் சொந்தப் பேச்சைக் கேட்டவள். அண்ணன் தோளிலிருந்து மகளை இறக்கி, கறையே இல்லாத அவள் காலுறையைத் துடைத்துவிட்டாள். விருந்துச் சோறு பரிமாறுவதற்கு முன்பே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எல்லோரும் கொனாடுவின் கையைக் குலுக்கினார்கள். மேலே மேலே வந்து குலுக்கினார்கள். அவளுக்கு உடம்பு கூசியது. திங்கட்கிழமை பள்ளி விட்டதும் நேரே சந்தைக்குப் போனாள். செருப்புக் கடையின் முன்னால் போக்குவா முக்காலியில் உட்கார்ந்து வறுத்த மீனும் கென்கே என்ற சோளமாவு உருண்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அம்மா செருப்புகளை ஜோடி சேர்த்துக் கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் தங்களுக்காகப் பேச ஒரு பெரியவரைக் கூட்டிப் போவது வழக்கம்.

"பேசுறதுக்கு ஆள் கூட்டிட்டு வரலியா மேடம்?" என்றாள் அம்மா.

"கூட்டிட்டு வந்தா அவங்க நல்லாப் பேசிடுவாங்க" என்றாள் கொனாடு. "உன் பேரைக் கெடுத்தேன். உன் புள்ளையைப் பொய் சொல்ல வச்சேன். நீ என்ன திட்டணுமோ திட்டு."

அம்மா ஒரு ஜோடியை எடுத்துத் தட்டி வைத்தாள். "திட்டி என்ன ஆகப்போகுது? சுவரு புடைச்சு நின்னது எனக்கும் தெரியும். என்கிட்ட வந்து கேட்டிருந்தா நானே அவளைக் கூட்டிட்டு வந்து நிறுத்தியிருப்பேன். கேக்கணும்னு உங்களுக்குத் தோணல. அதுதான் எனக்கு எரியுது." பிறகு முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டு நாளா ஒண்ணு யோசிக்கிறேன் மேடம். அந்தக் கம்பிச் செருப்பு என் மகளோடது இல்ல. அப்ப அது யாரோடது?"

கொனாடு நினைத்துப் பார்த்தாள். ஒரு சிரிப்பு ஞாபகம் வந்தது. முகம் வரவில்லை, பெயர் வரவில்லை.

"பிராகோவோடது" என்றாள் போக்குவா, வாயில் மீனோடு. "அவ படம் எடுத்து முடியிற வரைக்கும் வெயில்ல ஒத்தைக் கால் மாத்தி மாத்தி நின்னா. அப்புறம் மேடம் அந்தச் செருப்பைக் குப்பையில போடச் சொல்லிட்டாங்க. அசிங்கமா இருக்குன்னு. அவ வெறுங்காலோட வீட்டுக்குப் போனா."

உண்மைதான். சொன்னது உண்மைதான். துப்புரவுக்காரியைக் கூப்பிட்டு, "யாராவது பாக்குறதுக்குள்ள இந்தக் கர்மத்தை எறி" என்று சொன்ன தன் குரல் இப்போது கொனாடுவின் காதில் கேட்டது. நானாவின் முன்னால் அத்தனையும் ஒப்புக்கொண்டதாக நினைத்தாளே, அதில் இந்தப் பிள்ளை எங்கே இருந்தது? 

"அந்தப் புள்ளையோட அளவு பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றாள் அம்மா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் ஜோடி சேர்க்கத் திரும்பிவிட்டாள்.

மறுநாள் காலை கொனாடு புதுக் கட்டடத்தின் முதல் மாடிக்கு ஏறினாள். இரண்டாம் வகுப்பாக இருந்தது இப்போது மூன்றாம் வகுப்பு. கண்ணாடி ஜன்னலோரம் வெளிச்சம் கொட்டிக் கிடந்தது. பளிங்குத் தரையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. வகுப்பு எழுந்து நின்று வணக்கம் பாடியது.

"பிராகோ யாரு?"

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சிறுமி வெளியே வந்தாள். காலில் அண்ணனுடையதோ யாருடையதோ, பாதிக் கால் வெளியே மிதக்கும் பெரிய ரப்பர் செருப்பு. தலைமை ஆசிரியை தன் காலைப் பார்க்கிறாள் என்று கண்டதும் அவள் எதையும் கேட்கவில்லை. குனிந்து இரண்டையும் கழற்றினாள். அடிப்பக்கத்துத் தூசியைப் பாவாடையில் துடைத்தாள். நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்து வந்து, கொனாடுவிடம் நீட்டினாள்.

"இந்தத் தடவை திருப்பிக் குடுத்துடுவீங்கல்ல, மேடம்?" என்றாள். "அண்ணனுக்கு வகுப்பு மத்தியானம் ஷிஃப்டு. அவன் இதைப் போட்டுக்கிட்டுதான் வரணும்."

அப்போதும் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.